மீசை வைத்த அம்மா

சரஸ்வதிபுரம், மைசூரு
11 பிப்ரவரி 2024

சிரஞ்சீவி அனகாவுக்கு,

ரயில்வே ஓய்வூதியர்களின் முடிசூடா மன்னனும் உன் தாய்மாமனுமாகிய சாம்பு, ஆசீர்வாதங்களை மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்புகிறேன். இவ்விடம் நானும் உன் மாமியும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. பாட்டில் மூடியின் பெயரை வைத்துக்கொண்ட உன் கார்க் நகரத்தில் மழை விட்டதா, உன் இருமல் விட்டதா என்று எழுதவும்.

உன் கடிதம் படித்து நான் போட்ட ஆனந்தக் கூச்சலில் சாமுண்டி மலை இரண்டங்குலம் தெற்கே நகர்ந்தது. பத்திரிகைகளில் போடவில்லை. கல்யாணம் வேண்டாம், குழந்தை வேண்டும் என்று அயர்லாந்திலிருந்து நீ மனுப் போட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க, கடைசியில் பார், நம் வீட்டிலிருந்து நான் நொண்டி நொண்டியே போய்விடக்கூடிய ஒரு காப்பகத்தில் ஜீவிதா என்ற இரண்டரை வயதுக்காரி உனக்கென்று உட்கார்ந்திருக்கிறாள்.

காகிதமெல்லாம் முடிந்து நீ வர ஜூன் ஆகும். அதற்குள் குழந்தைக்கு உன்னைப் பழக்க உன் போட்டோ ஆல்பமும் உன் வார்த்தைகளும் வேண்டும். நீயே பேசிப் பதிவு செய்யப் போனால் ஒவ்வொரு தடவையும் அழுகை வருகிறது. எல்லாம் புரிந்தது. ‘நான் எழுதி அனுப்பும் கன்னட வரிகளை மாமி படிக்கட்டும், மாமா வேண்டவே வேண்டாம், அவர் படித்தால் எனக்குக் கார்க்கில் ஏழு யானை இருக்கிறதென்று சொல்லிவிடுவார்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த அம்பையும் மார்பில் தாங்கினேன்.

மாமிக்குத் தொண்டை கட்டி, பேசினால் கொள்ளேகால் பஸ் ஹாரன் மாதிரி ஒரு சத்தம் வருகிறது. அதற்காகக் காரியம் நிற்கவில்லை. ‘நானு நின்ன அம்மா’ என்று தொடங்கும் உன் வரிகள் ஒன்று விடாமல் மாமியின் போனில் பதிவாகி, நேற்றே காப்பகத்து ஆலோசகர் சைத்ராவிடம் போய்ச் சேர்ந்தன. வேறு விவரங்கள் அற்பமானவை. அவற்றில் சக்கரவர்த்திகள் இறங்குவதில்லை.

இப்படிக்கு, தாய்மாமன்,
சாம்பு


கார்க்
3 மார்ச் 2024

அன்புள்ள மாமாவுக்கு அனகாவின் நமஸ்காரம்.

இருமல் போய்விட்டது, மழை போகவில்லை. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். மாமியின் தொண்டை சரியாகிவிட்டதா?

சரியாகாவிட்டாலும் பரவாயில்லை போலிருக்கிறது. சைத்ரா எழுதியிருந்தாள். ‘குரல் கொஞ்சம் கரகரப்பு, ஆனால் ஜீவிதாவுக்கு அது ஓடினால்தான் சாதம் இறங்குகிறது, நடுவில் நின்றால் அம்மா எல்லி, எங்கே என்று கேட்கிறாள்’ என்று. படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது. கூடவே மாமியின் கட்டின தொண்டைமேல் ஒரு சின்ன எரிச்சலும் வந்தது. ‘அம்மா எல்லி’ என்று அவள் தேடுகிற அம்மாவின் குரல் என்னுடையது இல்லையே.

அதனால் மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை அழாமல் முழுசாகப் படித்துவிட்டேன். மாமி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பழையதை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்லுங்கள். மறக்காமல், மாமா.

உங்கள்,
அனகா


சரஸ்வதிபுரம்
9 ஏப்ரல் 2024

சிரஞ்சீவி அனகாவுக்கு சாம்பு மாமா ஆசீர்வாதம்.

உன் தைலத்தைப் பூசியதும் என் முழங்காலுக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. மற்ற பாகங்கள் அதைப் பார்த்துப் புழுங்குகின்றன. மாமி சௌக்கியம். நீ சௌக்கியமா? பதில் எழுத நாளாகிவிட்டதற்குக் காரணம் வெயில். பேனாவைத் திறந்தால் மை ஆவியாகிப் போகிறது.

உன் பதிவு வந்தது, சைத்ராவிடம் கொடுத்தாகிவிட்டது. பத்திரமாக இருக்கிறது. எந்த வேளைக்கு எந்தப் பதிவு ஓடுகிறது என்பதெல்லாம் காப்பகத்தின் உள்நிர்வாகம். வெளி மனிதர்கள் நாம் தலையிடக்கூடாது.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் நடைப்பயிற்சிக்குப் போகிறேன். உள்ளே போக எனக்கு அனுமதி கிடையாது. மதில் பெரிசு. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது பார், மைசூர் தசரா வாத்தியம் அத்தனையும் பிச்சை வாங்க வேண்டும். அவள்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரியும்.

நீ சீக்கிரம் வா.

சாம்பு


சரஸ்வதிபுரம்
2 ஜூலை 2024

மாமாவுக்கு அனகா நமஸ்காரம்.

இங்கே நானும் மாமியும் குழந்தையும் உடம்பால் சௌக்கியம். நஞ்சன்கூட்டில் உங்கள் சிநேகிதர் ஜெயகிருஷ்ணன் மாமா வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா?

ஒரே வீட்டில் இருந்தபோது சொல்ல வராததை எழுதுகிறேன். நேரில் ஆரம்பித்தால் நீங்கள் சிரிக்க வைத்துவிடுவீர்கள்.

குழந்தையை என்னிடம் கொடுத்த அன்று, காப்பகத்து அறையில், நீங்களும் இருந்தீர்கள். சைத்ரா ஆல்பத்தைக் காட்டி, “புட்டி, அம்மா பந்தித்தாரெ நோடு” என்று நான் வந்திருப்பதைச் சொன்னாள். குழந்தை போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து என் பக்கம் வந்தாள், மாமா. என் வளையலைத் தொட்டுவிட்டாள். அப்போது நீங்கள் குட்டியை நலம் விசாரிக்க வாயைத் திறந்தீர்கள். “ஏனு புட்டி, சென்னாகித்தீயா?”

அவ்வளவுதான். வளையலை விட்டாள். ஓடிப் போய் உங்கள் வேஷ்டியைக் கட்டிக்கொண்டு “அம்மா” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆயா மாதேவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அய்யோ, இந்த அம்மாவுக்கு மீசை இருக்கல்லா” என்றாள். சைத்ரா சிரித்தாள். நீங்கள் கட்டடம் அதிரச் சிரித்தீர்கள். நாலு மாதமாக ‘நானு நின்ன அம்மா’ என்று சொல்லிச் சாதம் ஊட்டிய குரல் யாருடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் பதிவைப் போட்டபோதெல்லாம் ‘பேடா’, வேண்டாம் என்று தள்ளிவிட்டாள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அங்கே எடுத்த போட்டோவில் நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அதோடு விட்டிருப்பேன். கொஞ்ச மாதத்துக்கு நான் மட்டும்தான் ஊட்ட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், தூக்க வேண்டும், அப்போதுதான் யார் அம்மா என்று அவளுக்குப் பதியும் என்று சைத்ரா சொன்னபோது, கைகூப்பிச் சத்தியம் செய்தீர்கள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவளை மடியில் வைத்து உருண்டை உருட்டிக்கொண்டிருந்தீர்கள். “ஒரு வாய்தானேம்மா, தட்டை அவளே தூக்கிண்டு வந்தா” என்றீர்கள். அந்தத் தட்டில் ஒரு பருக்கை மீதமில்லை. நான் வைத்தபோது வாயைத் திறக்காதவள்.

உங்கள் வீட்டிலிருந்து உங்களையே போகச் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. போனும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாமி உங்களோடு பேசியது கேட்டு, உள்ளிருந்து ஓடிவந்து, போனைத் திருப்பித் திருப்பி உங்களைத் தேடினாள். கடிதம் போடுங்கள். கடிதத்துக்குச் சத்தம் கிடையாது.

அனகா


நஞ்சன்கூடு
9 ஜூலை 2024

சிரஞ்சீவி அனகாவுக்கு,

சொந்த வீட்டிலிருந்தும் சொந்த ஈஸிசேரிலிருந்தும் நாடு கடத்தப்பட்டு, கபிலா நதிக்கரையில் வனவாசம் இருக்கும் மாமாவின் ஆசீர்வாதம். உடம்பு சௌக்கியம். ஜெயகிருஷ்ணனின் குறட்டையில் தினமும் வீட்டு ஓடுகளில் நாலைந்து இடம் மாறுகின்றன. காலையில் நான் ஏறி அடுக்குகிறேன். மூவரின் சௌக்கியத்துக்கும் எழுதவும்.

குற்றப்பத்திரிகை கிடைத்தது. பதிவு விஷயத்தில், மாமியின் தொண்டை கட்டியது தெய்வச் செயல், தெய்வத்தைக் கேள். தட்டு விஷயத்தில், குற்றம் என் கையுடையது. குழந்தை தட்டோடு வந்து நின்றால் அது என் அனுமதியைக் கேட்பதில்லை. அந்தக் கையை ஒரு வாரமாகப் பட்டினி போட்டிருக்கிறேன்.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பொறாமை என்கிற சொல்லே எனக்குத் தெரியாது. ஜெயகிருஷ்ணனிடம் அகராதி இருந்தால் பார்க்கலாம், அவனிடம் பஞ்சாங்கம்தான் இருக்கிறது. குழந்தை என்னைத் தேடுகிறாளா என்றும் நான் கேட்கவில்லை. ஜெயகிருஷ்ணன்தான் கேட்டு எழுதச் சொன்னான். “ஏண்டா சாம்பு, தபால்காரன் வர்ற நேரத்துக்கு வாசல்லயே நிக்கறியே, என்னடா இந்த வயசுல” என்று கேட்கிற அளவுக்கு அவனுக்குக் கவலை.

தகவலுக்காக ஒன்று. சாத உருண்டையை வாயருகே கொண்டுபோனால், ஆறியிருந்தாலும், முதலில் ஃபூ என்று ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் வாங்குவாள். இப்போதும் ஊதுகிறாளா? நீ கவனித்திருக்க மாட்டாய். புதிதாக வந்தவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

சாம்பு


சரஸ்வதிபுரம்
24 ஜூலை 2024

மாமாவுக்கு நமஸ்காரம்.

இங்கே மழை. குழந்தைக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. மாமிக்கு இடுப்பு வலி. நீங்கள் ஓடு மேல் ஏறவில்லை என்று நம்புகிறேன்.

ஊதுகிறாள். நீங்கள் சொல்வதற்கு முன்பே நான் பார்த்திருக்கிறேன். ஊதிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, தட்டைத் தட்டிவிடுகிறாள். நேற்று பருப்பு சாதம் என் தலையில் இருந்தது.

உங்கள் ஈஸிசேரை மொட்டைமாடிக்கு ஏற்றினேன். அது இருந்த இடத்தில் போய் வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். உங்கள் துண்டை அலமாரியில் பூட்டினேன். அலமாரிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். மாமி என்னையே பார்க்கிறாள்.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள். தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு, உங்கள் குரலில், “ஏனு புட்டி” என்றேன். திரும்பினாள். முகமெல்லாம் மலர்ந்து திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அந்த முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

உங்கள்மேல் எனக்குப் பொறாமை, மாமா. உங்கள் குரல்மேல், வேஷ்டிமேல், அந்த நாற்காலிமேல். நாற்பத்தோரு வயதில், என்னை வளர்த்த மாமாவைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. மைசூருக்கு வந்த அன்று சந்தோஷத்தில் செத்துவிடுவேன் என்று நினைத்தவள் நான்.

ஆகஸ்டில் தத்து உத்தரவு வந்துவிடும் என்கிறார்கள். அப்புறம் பாஸ்போர்ட், அப்புறம் விமானம். சைத்ரா வாரா வாரம் வந்து பார்க்கிறாள். “டைம் கொடுங்க அக்கா” என்கிறாள். எனக்கு இருப்பது இந்த லீவு மட்டும்தான். அம்மா என்று யாரையோ தேடி அழுகிற குழந்தையை இடுக்கிக்கொண்டு ஐயாயிரம் மைல் போகிறவள் அம்மாவா? அதை நான் செய்ய மாட்டேன். அதுவரைக்கும் அவள் என்னிடம் வராவிட்டால், கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சைத்ராவிடம் சொல்லிவிடுவேன். நிஜமாகவே சொல்லிவிடுவேன்.

நோன்பு, பண்டிகை எதற்கும் வர வேண்டாம். பஸ் ஸ்டாண்டு வரைகூட வேண்டாம்.

அனகா


சரஸ்வதிபுரம்
18 ஆகஸ்ட் 2024

மாமாவுக்கு அனகா நமஸ்காரம்.

நாங்கள் சௌக்கியம். நீங்கள்? போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. மாமி போன் செய்தபோது ஜெயகிருஷ்ணன் மாமா, “இருக்கான், ஆனா வாயே திறக்கறதில்லே. சாம்பு பேசாம இருந்தா ஊரே பயப்படறது” என்றாராம். என்ன உடம்பு உங்களுக்கு? கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வரலட்சுமி நோன்புக்கு முதல் நாள், பூ வாங்க மாமியோடு தேவராஜ மார்க்கெட் போனேன். குழந்தை என் கையைப் பிடித்திருந்தாள். மாமி மல்லிகைக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். வாழைத்தார் தூக்கிக்கொண்டு ஒருவர் “ஜாகா பிடி, ஜாகா பிடி” என்று வழி கேட்டு நடுவில் புகுந்தார். ஒதுங்கினேன். ஒதுங்கின கையில் குழந்தை இல்லை.

அதற்கப்புறம் எத்தனை நேரம் என்று தெரியாது. எங்கே பார்த்தாலும் கால்கள். வாழை மண்டிக்குள் ஓடினேன், வெளியே ஓடினேன். புட்டி, புட்டி என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. எலுமிச்சம்பழக் கடை வரிசையில் ஒரு மூலையில் அவள் நின்றுகொண்டு “அம்மா, அம்மா” என்று அழுதுகொண்டிருந்தாள். கடைக்காரி கௌரம்மா அவள் சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

நான் மறுபடி “புட்டி” என்றேன். அவள் தலை திரும்பியது. என் குரலுக்குத் திரும்பியது, மாமா. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்து என்மேல் ஏறினாள். வீடு வரும் வரை இறங்கவில்லை. சாயங்காலம் நான் உருட்டின சாதத்தை ஊதிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

மார்க்கெட்டிலிருந்து கிளம்புமுன் கௌரம்மாவுக்கு நன்றி சொன்னேன். அவள், “நான் எல்லிம்மா பார்த்தேன், யாவாரத்துல இருந்தேன். அவர்தான் காட்டினாரு, ஒரு மூகா தாத்தா. பாவம், வாய் பேச வராது. குரங்குக் குல்லா, வாயில துண்டைத் திணிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி. பாப்பா அவர் கால்கிட்டயே நின்னு அழுதுட்டிருக்கு. குனிஞ்சு ஒரு வார்த்தை சொல்ல முடியலையே அவருக்கு. புடிச்சுக்கோ, புடிச்சுக்கோன்னு என்கிட்ட சைகை பண்ணிட்டுப் போயிட்டாரு” என்றாள்.

அந்த ஊமைப் பெரியவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. நோன்பன்று அவருக்காகவும் ஒரு விளக்கு ஏற்றினேன்.

அனகா


நஞ்சன்கூடு
26 ஆகஸ்ட் 2024

சிரஞ்சீவி அனகாவுக்கு மாமா ஆசீர்வாதம்.

என் உடம்பு பீமனுடையது. பதில் எழுதாததற்குக் காரணம், கையில் சுளுக்கு. ஜெயகிருஷ்ணன் மாவாட்டும் எந்திரத்தை நான் ஒரு கையால் தூக்கி வைக்கப் போய் வந்தது. உங்கள் மூவருக்கும் எந்தக் குறையும் வராமல் ஸ்ரீகண்டேஸ்வரர் பார்த்துக்கொள்ளட்டும். தினமும் போய் அவரை மிரட்டிவிட்டு வருகிறேன்.

உன் கடிதம் கண்டு நான் ஆடிய ஆட்டத்தில் கபிலா நதி கொஞ்ச நேரம் திரும்பி ஓடியது. உன் குரலுக்குத் திரும்பினாளா? திரும்பாமல்? அந்தத் தொண்டையைத் திறந்து நீ போட்ட கூச்சல் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை கேட்டிருக்கும். மஞ்சள் சட்டையும் ஒற்றைச் செருப்புமாக அந்தச் சின்னது கையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் ஓடிவந்த காட்சியை நினைத்தால், அப்புறம் காலிரண்டையும் உன் இடுப்பில் பின்னிக்கொண்டு முகத்தை உன் தோளில் போட்டதை நினைத்தால், யாருக்கும் நெஞ்சு நிறையும். நிறைந்த பிறகு கொஞ்சம் எரியும். ஜெயகிருஷ்ணன் வீட்டுச் சமையலில் காரம் அதிகம்.

அந்த ஊமையைப் பற்றி நீ ரொம்ப யோசிக்க வேண்டாம். விளக்கு ஏற்றினாயே, அதுவே அவன் யோக்கியதைக்கு அதிகம். பேச முடியாதவன் பேசாமல் இருந்தான். அதில் என்ன பெருமை?

சாம்பு


சரஸ்வதிபுரம்
14 செப்டம்பர் 2024

மாமாவுக்கு நமஸ்காரம்.

எல்லோரும் சௌக்கியம். உங்கள் சுளுக்கு?

உத்தரவு வந்துவிட்டது, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை பெங்களூருக்குக் கார். குழந்தை இப்போது என்னைத்தான் அம்மா என்கிறாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற மாமியை முறைக்கிறாள். சைத்ராவிடம் சொல்ல நினைத்ததைச் சொல்லவே இல்லை.

மார்க்கெட்டில் அவள் போட்டிருந்த சட்டை மஞ்சள் என்று நான் எழுதவில்லை. செருப்பைப் பற்றியும் எழுதவில்லை. மாமியைக் கேட்டேன், மாமியும் சொல்லவில்லையாம்.

உங்களை ஒன்றும் கேட்கப் போவதில்லை. கேட்டால், அந்த நேரத்தில் நீங்கள் மலை மாதேஸ்வரத்தில் புலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததாக எழுதுவீர்கள்.

வழியனுப்ப வாருங்கள் என்று எழுதி அடித்தேன். வர வேண்டாம் என்று எழுதி அடித்தேன். மேலே தெரிகிற இரண்டு அடித்தலும் அதுதான்.

உங்கள்,
அனகா


சரஸ்வதிபுரம்
20 அக்டோபர் 2024

சிரஞ்சீவி அனகாவுக்கு,

மீண்டும் முடிசூட்டிக்கொண்ட மாமாவின் ஆசீர்வாதம். ஈஸிசேரை மொட்டைமாடியிலிருந்து இறக்க முப்பது பேரும் ஒரு கிரேனும் வேண்டியிருந்தது. நானும் மாமியும் சௌக்கியம். நீயும் குழந்தையும் குளிருக்குத் தாங்குகிறீர்களா? கம்பளி போதுமா?

அன்றைக்கு நான் வராததற்குக் காரணம், நஞ்சன்கூட்டிலிருந்து மைசூருக்கு வரும் சாலை முழுவதையும் யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் கிளம்பிச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். “போடா, தூரத்துலேர்ந்து பார்த்துட்டு வா” என்றான் ஜெயகிருஷ்ணன். தூரத்திலிருந்து பார்க்கத் தெரியாத ஜாதி நான். சாயங்காலம் சட்டையைக் கழற்றினேன்.

இப்போது எனக்கு எதிரிகள் பெருகிவிட்டார்கள். உன் மேல் பொறாமைப்பட்டு அலுத்து, அவளைக் குளிப்பாட்டும் அயர்லாந்துத் தண்ணீர்மேல் படுகிறேன். அவள் போகிற பாலர் பள்ளி டீச்சர்மேல் படுகிறேன். வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள். உன் மாமி, இந்த லலிதாம்பாள், மூன்று மாதம் குழந்தை கூட இருந்து எல்லாம் பார்த்து வைத்துக்கொண்டு, எனக்குச் சொட்டு மருந்து மாதிரி விடுகிறாள். “தூங்கறச்சே வலது கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டுவா, உங்களுக்குத் தெரியாதில்லே” என்றாள் நேற்று. நான் சாப்பிடாமல் எழுந்தேன். அப்புறம் பசித்தது, உட்கார்ந்தேன்.

ஒரு விண்ணப்பம். சைத்ரா சொன்ன மாதங்கள் ஆகிவிட்டால், போனில் ஒரே ஒரு ‘ஏனு புட்டி’ சொல்லிக்கொள்ள அனுமதி உண்டா? இல்லையென்றால் இல்லை. எனக்குக் கோபம் வராது. வந்தாலும் கடிதத்துக்குச் சத்தம் கிடையாது.

சாம்பு


கார்க்
8 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு அனகாவின் நமஸ்காரம்.

குளிர் தாங்குகிறோம், கம்பளி போதும். மாமியின் இடுப்புக்கு வைத்தியம் நடக்கிறதா?

போன ஞாயிறு போனில் நடந்ததைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் “ஏனு புட்டி” என்றதும் அவள் என் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அப்புறம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோடு, “யாரு?” என்று கேட்டாள். நீங்கள் அந்தப் பக்கம் யானை ஒன்று நம் வீட்டுக்குக் காபி சாப்பிட வந்த கதையைச் சொல்லிக்கொண்டே போனீர்கள். அவள் கேட்டது உங்கள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்கிறேன். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. உங்கள் முகம் திரையில் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, மீசை ஆடுகிறது, எனக்குள் ஒருத்தி கைதட்டுகிறாள். போனை வைத்த பிறகு அவளை இறக்கிவிட்டுவிட்டு, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அந்த எலுமிச்சம்பழக் கடையில் நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இன்றைக்கு

பேனாவைப் பிடுங்கிவிட்டாள். மறுபடி வாங்கி எழுதுகிறேன். காலையிலிருந்து இதே கதை. நான் காகிதத்தை எடுத்தாலே வந்து மடியில் ஏறுகிறாள். “யாரிகெ?” என்றாள். சாம்பு தாத்தாவுக்கு என்றேன். “பேடா” என்கிறாள். எது தாத்தா, காட்டு என்றாள். முதல் வரியில் ‘மாமா’ என்று இருக்கும் இடத்தைக் காட்டினேன். சிவப்பு கிரேயானை எடுத்து வந்து, மாமா, அந்த இடத்தை என்ன செய்தாள் என்று நீங்களே பார்க்கலாம். நன்னம்மா, நன்னம்மா என்று என்னை உரிமை கொண்டாடிக்கொண்டே. இப்போது காகிதத்தின்மேலேயே உட்கார்ந்துகொண்டு என் கையை இழுக்கிறாள், நான் என்ன சொல்ல வந்தேன் என்றால், அன்றைக்கு நீங்கள்


சரஸ்வதிபுரம்
5 ஜனவரி 2025

சிரஞ்சீவி அனகாவுக்கு மாமா ஆசீர்வாதம். இருவரும் சௌக்கியம். மாமியின் இடுப்பு தேவலை.

கடிதம் வந்தது. ‘மாமா’ இருந்த இடத்தில் காகிதமே கிழிந்திருக்கிறது. மாமியிடம் காட்டினேன். “உங்கமேலே அவளுக்கு இவ்வளவு ஆத்திரமா” என்றாள். மாமியின் முகத்தில் கொஞ்சம் பொறாமை இருந்தது. எனக்குத் திருப்தி.

அவள் யாரு என்று கேட்டது என் காதில் விழுந்தது.

நீ பாதியில் விட்டதை முடிக்க வேண்டாம். பெரிதாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் எவ்வளவு எழுதுகிறேனோ அவ்வளவு நேரம் நீ அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டுப் படிப்பாய். இவ்வளவு போதும்.

சாம்பு